மக்மூரில் பிறந்தவர்கள்

காலை எட்டு மணி பத்து நிமிடம். வீட்டு விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தில் முதலில் கண்ணில் பட்டது, முகப்புக் கண்ணாடிக்கு மேலே நீல எழுத்தில் இருந்த மாநிலத்தின் பெயர்: பகாங் தாருல் மக்மூர். அதற்குக் கீழே ஐந்து நாற்காலிகள், வரிசை எண் கொடுக்கும் இயந்திரம். எங்களுக்குக் கிடைத்த எண் இரண்டு.

எங்களுக்கு என்றால் எனக்கும் அக்காவுக்கும். அவர் என் உடன்பிறந்தவர் அல்ல. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர். ஆறாம் வகுப்பு முடித்துக் கொஞ்ச நாளில் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டார். நான் மலையிலிருந்து கீழே இறங்கிப் பத்திரிகை வேலைக்குப் போனேன். அறுபது வயதுவரை அவர் அதே தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான அதே லைன் வீட்டில் இருந்தார். இப்போது வேலைக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் முப்பதாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மாநிலத்தின் மலிவுவிலை வீடுகளுக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று புதன்.

காரில் வரும்போது அக்கா முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கம்போங் ராஜா பக்கத்து வளைவுகளில் காய்கறி லோரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினேன்.

“கிராணி மவன் நமக்கு டிரைவரு. பெரட்டுல போயிச் சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டாளுங்க லா” என்றார்.

பெரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம். கிராணி என்பது தோட்ட அலுவலகத்தின் எழுத்தர். என் அப்பா அந்தத் தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கிராணியாக இருந்தார்.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். மரியாதையாகப் பேசினார். விண்ணப்பத்தை முதலிலிருந்து படித்தார். முகவரிக் கட்டத்தில் அக்கா எழுதியிருந்ததைப் பார்த்து, கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். அழகாகத்தான் இருக்கும். தோட்டம், அஞ்சல் எண், கடைசி வரியில் பகாங் தாருல் மக்மூர் என்று மலாயில் முகவரி எழுதுவது எங்கள் பள்ளியில் தினசரிப் பயிற்சி. தப்பாக எழுதினால் பத்து முறை எழுத வேண்டும். அக்கா ஒருமுறைகூடப் பத்து முறை எழுதியதில்லை.

பிறகு அந்தப் பெண் அடையாள அட்டையை எடுத்தார். பேனா முனை எண்ணின் நடுவில் நின்றது.

“ஆன்ட்டி, ஓராங் பேராக்?” என்று கேட்டார். ஆன்ட்டி பேராக்காரரா?

அக்கா சிரித்தார். இல்லை, இங்கேதான் பிறந்தேன், தோட்டத்து லைனில், ஆறாம் நம்பர் வீட்டில், இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன் என்று மலாயில் சொன்னார்.

அந்தப் பெண் அட்டையை எங்கள் பக்கம் திருப்பினார். நம் நாட்டு அடையாள எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள். அடுத்த இரண்டு, பிறந்த மாநிலம். பகாங் என்றால் 06. பேராக் என்றால் 08. அக்காவின் அட்டையில் இருந்தது 08.

இது எனக்குத் தெரிந்த விஷயம். விபத்துச் செய்திகளிலும் நீதிமன்றச் செய்திகளிலும் எத்தனையோ அடையாள எண்களைப் படித்திருக்கிறேன். முதல் நாள் மாலை அக்காவின் விண்ணப்பத்தைச் சரிபார்த்தவன் நான். எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப்பார்த்தேன். அது என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. கணினியும் பேராக் என்றுதான் சொல்கிறது என்றார் அந்தப் பெண். தவறு என்றால் பிறப்புப் பத்திரத்தையும் விளக்கத்தையும் இணைத்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொண்டுவாருங்கள், வாங்கி வைக்கிறேன் என்றார்.

அக்கா அட்டையை வாங்கிக்கொண்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு மேலே இருந்த நீல எழுத்தைப் பார்த்தபடி இருந்தார். மூன்றாம் எண்ணைக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

பல வருடங்களுக்கு முன் மாநிலங்களின் அடைமொழிகளைப் பற்றி ஞாயிறு பதிப்புக்கு ஒரு பெட்டிச் செய்தி எழுதினேன். தார் என்றால் அரபியில் வீடு, உறைவிடம். மக்மூர் என்றால் மலாயில் செழிப்பு. அரபு மூலத்தில், ஆட்கள் குடியிருந்து நிறைந்த இடம் என்ற பொருளும் உண்டு என்று உஸ்தாஸ் ஒருவர், இஸ்லாமிய சமய ஆசிரியர், விளக்கினார். செழிப்பின் உறைவிடம் என்று மொழிபெயர்த்தேன். பக்கத்துப் பேராக், தாருல் ரிட்சுவான்: இறையருளின் உறைவிடம். பகாங்குக்கு அதற்கும் முன்பு இந்திரபுரம் என்ற பெயர் வழங்கியதாகச் சொல்வதுண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இடமில்லை என்று ஆசிரியர் அந்த வரியை வெட்டிவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயர்கள் எப்படிப் புழங்கின என்பதை நான் எழுதவில்லை. அது செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. மழை விட்டு வெயில் அடித்துக் கொழுந்து குப்பென்று வந்துவிட்ட நாட்களில், நிறுவைக் கொட்டகையில் கூடையை இறக்கும் பெண், “இன்னைக்கு மக்மூருடி!” என்பாள். கோயில் திருவிழா அழைப்பிதழில் தோட்டத்தின் பெயருக்குக் கீழே மாநிலத்தின் முழுப்பெயரும் தமிழில் அச்சாகும். அடைமொழி விடுபட்டால் தலைவருக்குத் திட்டு விழும். பேராக் பக்கத்திலிருந்து மருமகளாக வந்த பெண்களுக்கு லைனில் வேறு பெயர் கிடையாது. “ரிட்சுவான்”தான். குழம்பு தண்ணியாக இருந்தால் ரிட்சுவான் கை. துணி வெளுக்கவில்லை என்றால் ரிட்சுவான் வெளுப்பு. மலைக்குக் கீழே இருந்து வந்தவள், அவ்வளவுதான். மேலே பிறந்தவர்கள் எல்லாரும் மக்மூர்.

அன்று மாலை நாலரை மணிக்கு லைனில் செய்தி பரவியிருந்தது. வேலை முடிந்து வந்த பெண்கள் குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தத் தோட்டத்தில் வெளிநாட்டு ஆட்கள்தான் அதிகம். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து வெட்டும் மெஷின் அவர்களுக்கு. தமிழ்ப் பெண்கள் எட்டுப் பேர் மிச்சம். அக்கா வாசலில் உட்கார்ந்து, அட்டையைக் கையில் வைத்து நடந்ததைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருத்தியும் தன் அட்டையை எடுத்துவரப் போனாள். ஒரே மூக்குக்கண்ணாடி கைமாறியது.

“ஏன்டி, ஒனக்கு என்னா போட்டிருக்கு?”

“இரு... ஆறு நம்பர் தாண்டி... சைபர் எட்டு.”

“எனக்கும் எட்டு.”

“எனக்கும் அதே கருமம்தான்.”

“நல்லாப் பாரு, ஆறா இருக்கும். ஒனக்குத்தான் கண்ணு தெரியாதே.”

“ஒன் மூஞ்சிய நல்லாத் தெரியுது. எட்டுன்னா எட்டுதான்.”

அடுத்த வீட்டு மருமகள் பிடோர் பக்கத்திலிருந்து வந்தவள். பதினெட்டு வருடங்களாக ரிட்சுவான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தன் மாமியாரிடம் கேட்டாள்:

“இப்ப யாரு ரிட்சுவானு, அத்தே?”

குழாயடியே சிரித்தது.

“வாய மூடுடி.”

“பதினெட்டு வருசம்! சாம்பார்ல உப்புக் கொறஞ்சா ரிட்சுவானு, புள்ள அழுதா ரிட்சுவானு. இன்னைக்குப் பாருங்க, மொத்த லைனும் நம்ம ஊரு. வாங்க, எல்லாரும் ஒண்ணா எறங்கிப் போயிறலாம்.”

எட்டுப் பேரில் ஒருத்திக்கு மட்டும் 06. அவள் தலைக்குப் பதில் கால் முன்னால் வந்த குழந்தை. லைனில் பிரசவம் பார்க்க முடியாமல் அவள் தாயை மலைமேலேயே இருக்கும் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

“அப்ப கஷ்டப்பட்டுப் பொறந்தவ மட்டுந்தான் மக்மூரு. சொகமாப் பொறந்தவளுக எல்லாம் வெளியூரு” என்றாள் ஒருத்தி. அதற்கும் சிரித்தார்கள்.

ஓரமாக நின்ற ஒரு பெண் சிரிக்கவில்லை. அவள் சொன்னாள்: “எனக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் வேல.”

குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் மூடினார்கள்.

மருமகள்தான் என் பக்கம் திரும்பினாள். “ஒங்களுக்கு என்னா நம்பரு, அங்கிள்? நீங்களும் இங்கன பொறந்தவங்கதான?”

“ஐசி அட்டை கார்ல இருக்கு” என்றேன். என் எண் எனக்கு மனப்பாடம்.

உள்ளே போய் அக்கா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். அதற்குள் பிளாஸ்டிக் பையில் பிறப்புப் பத்திரம். மடிப்புகளில் கிழிந்து, டேப் ஒட்டி, டேப்பும் மஞ்சளாகிவிட்டது. நான் அதைப் படுக்கைமேல் விரித்துப் படித்தேன். பிறந்த நாள் சரி. தாய் தந்தை பெயர் சரி. பிறந்த இடம் என்ற கட்டத்தில், மலையடிவாரத்தில் பேராக்கில் இருக்கும் ஒரு சிறு பட்டணத்தின் பெயர் மையில் எழுதியிருந்தது. தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் தந்தையின் கைநாட்டு இல்லை. ஒரு கையெழுத்து இருந்தது. முதல் எழுத்தின் வால் வலது பக்கமாக நீண்டு, பெயர் முழுவதற்கும் அடிக்கோடு போட்டதுபோல ஓடியது.

என் பள்ளி மதிப்பெண் அட்டைகள் எல்லாவற்றிலும் அந்தக் கையெழுத்து இருக்கிறது.

“கிராணி ஐயா போட்டதுதான?” என்றார் அக்கா. “நான் சின்னதுலயே பாத்திருக்கேன். ஐயா எழுதுனா தப்பா இருக்காது, தம்பி. கம்ப்யூட்டர்லதான் என்னமோ கோளாறு.”

நான் பத்திரத்தை அவர் கண்முன் பிடித்து, பிறந்த இடக் கட்டத்தைக் காட்டினேன். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். பட்டணத்தின் பெயரைப் படித்து முடித்ததும் கட்டில் கிடந்த மூலையைப் பார்த்தார். அவர் அம்மா அவரைப் பெற்றது அந்த அறையில்தான். இப்போது கட்டில் போட்டிருந்த மூலையில்.

“நான் அந்த ஊர்ல கால் வச்சதே கல்யாணத்துக்குச் சீல எடுக்கத்தான்” என்றார்.

மறுநாள் திரிங்காப் என்ற ஊருக்குப் போனேன். அப்பா காலத்தில் எங்கள் தோட்டத்தில் லோரி ஓட்டியவர் அங்கே மகனின் பூத்தோட்டத்தில் இருக்கிறார். எண்பத்து மூன்று வயது. செவ்வந்திக் கட்டுகளுக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டே பேசினார். அவருக்கு இது ரகசியமே இல்லை.

“மேல பதியணும்னா புள்ளையோட அப்பன் நேர்ல வரணும்னு நிப்பாங்க. ஒரு நாளுச் சம்பளம் போயிரும். தொரைக்கும் ஆள் கொறையும். கீழ பதிவு ஆபிசுல ஐயாவுக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருந்தாரு. நாலஞ்சு புள்ளைக சேந்ததும் ஐயா பாரத்தையெல்லாம் எழுதி உறையில போட்டுக் குடுப்பாரு. தேயிலைப் பெட்டி எறக்கப் போறப்ப நான் குடுத்துட்டு வருவேன். ஆனா அங்க பதியணும்னா புள்ள அங்க பொறந்திருக்கணும்ல? அப்பிடித்தான் எழுதுனாரு.”

“யாருக்கும் தெரியாதா?”

“யாரு படிச்சா? பத்திரம் வந்துச்சா, டின்னுல போட்டு வச்சாளுக. பேராக்கா இருந்தா என்னா, பகாங்கா இருந்தா என்னா, அன்னைக்கு? தோட்டம்தான் நம்ம ஊரு.” வளையம் ஒன்று அறுந்தது. அவர் வேறொன்றை எடுத்தார். “ஐயா கெட்டவரு இல்லப்பா. எல்லாருக்கும் ஒரு நாள் கூலி மிச்சம்னுதான் நெனச்சாரு.”

எங்கள் வீட்டு மேசையில் அப்பா அந்தப் பாரங்களை, பிறப்புப் பதிவுப் படிவங்களை, எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். வேகமாக எழுதுவார். சில கட்டங்களில் யோசிப்பார், பெயர்களில் நிறுத்தி யாரிடமாவது கேட்பார். பிறந்த இடக் கட்டத்தில் நிறுத்தமாட்டார். அது எல்லாப் பாரத்துக்கும் ஒன்றுதான்.

கிளம்பும்போது கேட்டேன். “எங்களுக்கு அப்பா எங்கே பதிந்தார்?”

அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார்.

“ஐயாவுக்குத்தான் லீவு இருந்துச்சுல்ல, மேலயே நேர்ல போனாரு” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முன் இருக்கையில்தான் உட்கார்ந்தார். லோரிக்காரர் சொன்னதை வழியில் சொன்னேன். அப்பாதான் எழுதினார், லைனில் பிறந்தவர்களை எல்லாம் அப்படித்தான் பதிந்தார், அந்தக் கையெழுத்து என் அப்பாவுடையது, இடம் தவறு என்று நான் சத்தியப் பிரமாணம் எழுதித் தருகிறேன் என்றேன். லோரிக்காரருக்கு மலை வளைவில் கார் ஒத்துக்கொள்ளாது. அவரை அழைத்துவர முடியவில்லை.

கியா பார்ம் சந்தைப் பக்கம் வந்தோம். ஸ்ட்ராபெரி கடைகளுக்கு முன்னால் சுற்றுலாப் பேருந்துகள் நின்று பாதை அடைபட்டிருந்தது. அங்கே நின்றபோது அக்கா சொன்னார்:

“வேல வசதிக்குச் செஞ்சிருப்பாரு. எங்கப்பனுக்கும் ஒரு நாள் சம்பளம் நின்னுச்சுல்ல. எல்லாருக்கும் ஒண்ணாத்தான செஞ்சாரு. வுடுங்க தம்பி. ஐயாவ நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

என் எண்ணை நான் அப்போது சொல்லியிருக்கலாம். பேருந்து நகர்ந்தது. நானும் காரை நகர்த்தினேன்.

சத்தியப் பிரமாண ஆணையரின் அறை ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. நேரம் பதினொன்று இருபது. பிரமாணத்தை நானே தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தேன். ஒன்பது வாக்கியங்கள். ஆணையரின் உதவியாளர் என் அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். பிரமாணத்தில் என் எண்ணுக்கு விட்டிருந்த இடத்தில் அவர் அதை எழுதினார். எழுதும்போது சத்தமாக, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக்கொண்டே எழுதும் பழக்கம் அவருக்கு.

புதன்கிழமைவரை அந்த எண்கள் அக்காவுக்கு வெறும் எண்கள். இப்போது அவர் எண்ணிக்கொண்டு கேட்டார். ஆறு இலக்கங்கள் முடிந்தன. உதவியாளர், “கொசோங், எனாம்” என்றார். பூஜ்யம், ஆறு.

அக்கா மேசைமேல் குனிந்து என் அட்டையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி இல்லாததால் முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு தன் அட்டையைப் பைக்குள்ளிருந்து எடுத்து என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கையெழுத்தால் பதியப்பட்டவை. இரண்டையும் பார்த்துவிட்டு, தன்னுடையதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஆணையர் வாசித்துக் காட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தது.

மதியத் தொழுகை நேரம் முடிந்து முகப்பு திறந்ததும் உள்ளே போனோம். அதே பெண் பிரமாணத்தை இரண்டு முறை படித்தார். மகன் தந்தையின் கையெழுத்தைப் பற்றிச் சொல்வது பிறந்த இடத்துக்கு ஆதாரம் ஆகுமா என்று தனக்குத் தெரியாது என்றார். விண்ணப்பத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டு, தேதி முத்திரை குத்திய ரசீது கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் அதை வாங்கி நன்றி சொன்னார். அந்தப் பெண்ணிடம்தான்.

நான் இதை எழுதும் நாள்வரை முடிவு வரவில்லை. தோட்டம் சொன்ன தேதிக்குள் அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டார். அக்கா கம்போங் ராஜாவில், மகன் வாடகைக்கு எடுத்த ஒரு கடையின் பின்னறையில் இருக்கிறார். குழாயடிப் பெண்களில் நான்கு பேர் தங்கள் பிறப்புப் பத்திரங்களின் நகலை எனக்கு அனுப்பினார்கள். நான்கிலும் அதே பட்டணம், அதே கையெழுத்து. ஒவ்வொருவருக்கும் பிரமாணம் எழுதிக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் வெளியே வந்தபோது மணி மூன்று பத்து. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் காரின் முன் கதவைத் திறந்து பிடித்தேன். அக்கா பின் கதவைத் தானே திறந்து, பின் இருக்கையில் உட்கார்ந்தார்.